உள்தாழ்ப்பாள்

ஜூன் 2, திங்கள்

சொல்வது பேச்சிமுத்து, கொத்தனார், வயது எழுபத்தாறு, தூத்துக்குடி. எழுதுவது என் மாடியில் குடியிருக்கும் ராஜதுரையின் மனைவி புஷ்பகலா. எனக்கு எழுத்து தெரியாது. அந்தப் பிள்ளை பி.காம். படித்தது. நான் பேசுகிறபடி எழுதாதே, பத்திரத்தில் இருக்கிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசினபடியே எழுத வேண்டும். பேச்சை மாற்றினால் ஆள் தப்பித்துக்கொள்வான்.

இந்த நோட்டு எதற்கு என்றால், முன்பு மாடியில் இருந்தவன் அடுப்படி மேடையைப் பிளந்து, குளியலறைத் தரையைப் பெயர்த்து வைத்துவிட்டுப் போனான். கேட்டதற்கு, வரும்போதே அப்படித்தான் இருந்தது என்றான். எந்தத் தேதியில் எந்தச் சத்தம் கேட்டது என்று வக்கீலிடம் நான் வரிசையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "உம்ம ஞாபகத்தைக் கோர்ட்டு வாங்கிக்கிடாது வே. தேதி போட்டு எழுதி, குடியிருக்கவங்கிட்ட கையெழுத்து வாங்கும்" என்றார்.

அதனால் ஏற்பாடு இதுதான். மாடியில் ஏதாவது உடைந்தால் நான் வந்து பார்த்துச் சொல்வேன். புஷ்பகலா எழுதி, வாசித்துக்காட்டிக் கையெழுத்துப் போடும். நான் இடது பெருவிரல் வைப்பேன். நோட்டு கீழே என் டிரங்குப் பெட்டியில் இருக்கும். ராஜதுரை லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறவர், மரியாதை தெரிந்த பிள்ளை. "எழுதிக்கோங்க அய்யா, அவளுக்கும் பொழுது போகும்" என்றார்.

இன்றைய நிலையில் மாடியில் ஒரு கீறல் கிடையாது. கதவு நிலையெல்லாம் வேம்பு. வாசல் கதவு தேக்கு. ஜன்னல் கண்ணாடி பதினாறு. குளியலறைக் கதவு நாட்டுப் பலகை, அதற்குப் பழைய கப்பல் சாமான் கடையில் எடுத்த பித்தளை உள்தாழ்ப்பாள். இந்த ஊர் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும், பித்தளையைத் தொடாது. முழு வீடும் என் கை. எந்தச் சுவரில் எது இடித்தாலும் கீழே படுத்துக்கொண்டே சொல்வேன். கொத்துக் கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டித் தட்டி ஐம்பது வருஷம் பழகின காது.

வாசித்துக்காட்டினேன். புஷ்பகலா.
இடது பெருவிரல் ரேகை.

ஜூன் 11, புதன்

கூடத்துத் தெற்குச் சுவரில் பூச்சு உடைந்திருக்கிறது. தரையிலிருந்து நாலே முக்கால் அடி உயரம். அகலம் ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு. செங்கல் தெரிகிறது.

நேற்றுக் காலை பத்து மணிக்கு நான் கீழே பல் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம். பொறுத்து இன்னொன்று. ஸ்டூல் சாய்ந்து இடித்துவிட்டது என்று ராஜதுரை சொன்னார். ஸ்டூல் அவ்வளவு உயரம் எட்டுமா என்று நான் கேட்கவில்லை. சிமெண்டு ஒன்று, மணல் நாலு கலந்து அடைத்துவிட்டேன். ஒரு வாரம் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று புஷ்பகலாவிடம் சொன்னேன். தலையில் துண்டு கட்டியிருந்தது. சளி என்றது.

வாசித்துக்காட்டினேன். புஷ்பகலா.
இடது பெருவிரல் ரேகை.

பெரியவர் சொல்லாதது, நான் எழுதுவது: ஸ்டூல் இல்லை. என் தலை. உடைந்த பூச்சில் என் முடி ஒட்டியிருந்தது. பெரியவர் அதைப் பார்த்தார். கரண்டி நுனியால் சுரண்டிக் கீழே தள்ளிவிட்டுச் சிமெண்டு வைத்தார். இந்த வரியை அவருக்கு வாசித்துக்காட்டவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஜன்னல் கண்ணாடி ஒன்று. உள்ளிருந்து எறிந்த டம்ளரால் உடைந்தது. மீதி பதினைந்து.

பெரியவர் சொல்லாதது: நான் குனிந்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

குளியலறைக் கதவு. பித்தளைத் தாழ்ப்பாள் வளையவில்லை. அது போய்ச் செருகும் கொக்கிதான் நிலையிலிருந்து நாலு ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. வேம்பு நிலை ஒரு சாண் பிளந்திருக்கிறது.

காலையில் மாவு மில்லுக்குப் போய்விட்டு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மேலே தொடங்கிவிட்டது. முதலில் பெண்பிள்ளை ஓடுகிற சத்தம், குதிகால் தரையில் படாத ஓட்டம். கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது, 'ணங்' என்று, பித்தளைக்கு உள்ள சத்தம். பிறகு உதை. பதினொன்று எண்ணினேன். பதினொன்றாவதில் கொக்கி போனது.

மாலையில் ராஜதுரை தானே கீழே வந்து வருத்தப்பட்டார்.

"உள்ள போய்ப் பூட்டிக்கிட்டு வெளிய வரமாட்டேங்கா அய்யா. எதையாவது குடிச்சித் தொலைச்சிருவாளோன்னு பயந்து உதைச்சிட்டேன். செலவு என்னோடது."

"அதுக்குன்னு இப்பிடியா தம்பி? நிலை பிளந்துட்டு. வேம்பு இன்னைக்கு எங்க கிடைக்கு?"

"கோவத்துல பண்ணிட்டேன் அய்யா. நீங்களும் ஆம்பள. உங்களுக்குத் தெரியாததா?"

கரண்டிப் பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். மரத்தூளும் பசையும் குழைத்துப் பிளவை அடைத்து, கொக்கியை இரண்டு விரற்கடை கீழே இறக்கி நீள ஆணி போட்டேன். வேலை செய்யும்போது புஷ்பகலா வலது காதைத் திருப்பித்தான் நான் சொன்னதைக் கேட்டது. என் வீட்டுக்காரி உச்சிமாளியும் அப்படித்தான் கேட்பாள். அவளுக்கு இடது காது போய்விட்டது. காய்ச்சலில் போனது. அவள் இறந்து ஒன்பது வருஷம்.

வாசித்துக்காட்டினேன். புஷ்பகலா.
இடது பெருவிரல் ரேகை.

பெரியவர் சொல்லாதது: உதை பதினொன்று என்று எண்ணியவர் நடுவில் ஒரு தடவைகூட மேலே வரவில்லை. ஆனாலும் அந்தப் பதினொரு உதை நேரமும் நான் உள்ளே பத்திரமாக இருந்தேன். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 3, வியாழன்

சேதம் இல்லை. மேல் தொட்டி கழுவினேன். ஒரு செத்த ஓணான் கிடந்தது. முழங்கால் வலி. ராஜதுரை ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிவந்து கொடுத்தார். "அய்யாவுக்குப் பல்லு இல்லைன்னாலும் கரையும்" என்று சிரித்தார். நல்லவன்தான். சம்பாதிக்கிறான், குடிப்பதில்லை, வாடகைத் தேதி தவறியதில்லை.

பெரியவர் சொல்லாதது: குடிப்பதில்லை என்பது உண்மை. செய்வதெல்லாம் தெளிவாக இருக்கும்போதுதான்.

ஜூலை 13, ஞாயிறு

குளியலறைக் கதவு மறுபடியும். இந்தத் தடவை பலகையே போய்விட்டது. நடுப்பலகை இரண்டாகப் பிளந்து, கை நுழைகிற சந்து. அந்தச் சந்து வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளை இழுத்திருக்கிறான். பலகை ஓரத்தில் அவன் கை கிழிந்த ரத்தம்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கதவை நான் முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இழைத்தேன். ஒரே ஆளாகத் தூக்கி மாட்டினேன். "உங்க சண்டைக்கு என் கதவு என்ன பாவம் பண்ணிச்சு?" என்று கத்தினேன். ராஜதுரை கையில் துணி சுற்றிக்கொண்டு நின்றான். அந்தப் பிள்ளை அடுப்படியில் நின்றது. உதடு வீங்கி ஒரு பக்கம் கோணியிருந்தது.

இதற்கு ஒரு வழி யோசித்தேன். கதவு ஏன் உடைகிறது? உள்ளே பூட்டுவதால் உடைகிறது. பூட்டாவிட்டால் உதைக்க என்ன இருக்கிறது? இவ்வளவுதான் விஷயம். புதுப் பலகை போட்டேன், பித்தளைத் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். தாழ்ப்பாள் இருந்த துளைகளை மெழுகு வைத்து அடைத்தேன்.

புஷ்பகலா பின்னாலேயே படி வரைக்கும் வந்தது.

"தாத்தா, மத்தது எது இல்லைன்னாலும் பரவாயில்ல. அதை மட்டும் திரும்ப வச்சித் தாங்க."

"எதுக்கு? வீட்டுல இருக்கது ரெண்டு பேரு. யாரு வந்து எட்டிப் பாக்கப் போறா?"

"தாத்தா, நான் சொல்லுதது உங்களுக்குப் புரியல."

"எல்லாம் புரியுது. பூட்டுனாத்தானே ஒடைப்பான்? பூட்டாதே. கதவு நல்லா இருக்கும், நீயும் நல்லா இருப்பே."

இதையும் எழுது என்றேன். எழுதிக்கொண்டிருக்கிறது. தாழ்ப்பாள் என் கரண்டிப் பையில் இருக்கிறது.

வாசித்துக்காட்டினேன். புஷ்பகலா.
இடது பெருவிரல் ரேகை.

பெரியவர் சொல்லாதது: இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு சாண் பித்தளைதான்.

ஜூலை 20, ஞாயிறு

சேதம் எதுவும் இல்லை. கதவு நன்றாக இருக்கிறது. நான் சொன்னது சரியாகிவிட்டது.

பெரியவர் சொல்லாதது: கதவு உடையவில்லை. என் இடது மணிக்கட்டு உடைந்தது. வலது கையால் எழுதுகிறேன், அதனால் எழுத்து மாறவில்லை.

ஜூலை 28, திங்கள்

எழுதுவது ரெஜினா, எதிர்வீட்டு ஜெராக்ஸ் கடை. புஷ்பகலா பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறது. நேற்று நடந்ததை நான் சொல்லச் சொல்ல ரெஜினா எழுதுகிறாள்.

நேற்று ஞாயிறு, மத்தியானம். சாளை மீன் குழம்பு வைத்துச் சோறு போட்டு உட்கார்ந்தேன். மேலே சட்டி விழுந்தது. பிறகு அந்த ஓட்டம், குதிகால் படாத ஓட்டம். குளியலறைக் கதவு சாத்தியது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தேன். 'ணங்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது, அது என் கரண்டிப் பையில் இருக்கிறது என்று.

உதைக்கவே இல்லை. கதவு சும்மா திறந்துகொண்டது. கீல் முனகியது.

பிறகு கேட்டதைச் சொல்கிறேன். முதல் சத்தம் கிழக்குச் சுவரில் பதித்த ஓட்டில். இரண்டாவது குழாயில். மூன்றாவது வாஷ்பேசினில், அது பீங்கான் வெடிக்கிற சத்தம். நாலாவதும் அங்கேதான், ஆனால் பீங்கான் ஏற்கெனவே உடைந்துவிட்டதால் சத்தம் மட்டுப்பட்டிருந்தது. ஐந்தாவது தரையில். அந்தப் பிள்ளை முதல் இரண்டுக்குத்தான் கத்தியது.

மாடிக் குளியலறைக் கழிவுக் குழாய் என் ஜன்னலை ஒட்டித்தான் இறங்குகிறது. தண்ணீர் சலசலவென்று கொட்டியது. எட்டிப் பார்த்தேன். செம்மண் கரைத்த நிறம்.

எழுந்தேன். ஓடினேன். ஓடியது கொல்லைப்புறத்துக்கு. பேசின் உடைந்து குழாய் பிய்த்துக்கொண்டால் தண்ணீர் தளத்தில் இறங்கும், தளம் ஊறினால் கம்பி துருப்பிடிக்கும். முதலில் வால்வை அடைத்தேன். அது இறுகியிருந்தது. கந்தல் சுற்றித் திருக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு மேலே போனேன்.

புஷ்பகலா கதவுக்கும் பேசினுக்கும் நடுவில் கிடந்தது. முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு காது பாதி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. பீங்கான் துண்டு ஒன்று கழுத்துக்குக் கீழே குத்தி நின்றது. ஒரு கால் மட்டும் தரையைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தது. ராஜதுரை கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வழுக்கி விழுந்துட்டா அய்யா" என்றான். "உங்க தரை சரியில்ல. நான் அப்பவே சொன்னேன்."

அவன் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

நான் வெளியே வந்து ரெஜினாவைக் கூப்பிட்டேன். அவள்தான் ஆம்புலன்சுக்குச் சொன்னாள். சாயங்காலம் போலீஸ் வந்து கேட்டபோது, நான் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை, வழுக்கியிருக்கலாம் என்று சொன்னேன்.

வைத்தது: இடது பெருவிரல் ரேகை.

ஜூலை 29, செவ்வாய்

எழுதுவது ரெஜினா. ராஜதுரையின் சித்தப்பா தனசீலன் இரண்டு ஆட்களோடு வந்தார். ஆட்கள் வாசலில் நின்றார்கள். அவர் மட்டும் உள்ளே வந்து என் கட்டிலிலேயே உட்கார்ந்தார்.

"பெரியவரே, வீட்ட வாடகைக்கு விடுதவன் ஒழுங்கா மாட்டி விடணும். பேசின் செவுத்துலேந்து கழண்டு பிள்ளை மேல விழுந்துருக்கு. இதுக்கு யாரு பொறுப்பு? வீட்டுக்காரன்தானே?"

"கழண்டுச்சா?"

"கழண்டுச்சு. அத நீரே சொல்லிட்டீருன்னா நாங்க உம்ம மேல கேசு கீசுன்னு போக மாட்டோம். முழு பாத்ரூமும் புதுசாப் போட்டுத் தாரோம். கதவு, செவுரு, எல்லாம். நீரு ஏற்கெனவே போலீசுல வழுக்கியிருக்கும்னு சொல்லிட்டீராமே. அதோட இதையும் சேத்துக்கிட வேண்டியதுதான்."

"சொல்லாட்டி?"

"வயசான காலத்துல தனியா இருக்கியரு. படி வேற செங்குத்தா இருக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அவர்கள் போன பிறகு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பேசினைத் தாங்கும் இரும்புக் கை இரண்டும் சுவரில் அப்படியே நிற்கின்றன. ஆட்டிப் பார்த்தேன், தலைமுடி அளவுகூட அசையவில்லை. பீங்கானின் பின்பாதி இன்னும் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. உடைந்தது முன்விளிம்பு மட்டும். கழன்று விழுகிற பேசின் இப்படி உடையாது. நான் மாட்டியது கழலாது.

இதை ரெஜினாவிடம் மூன்று தடவை சொன்னேன். அவள், "மாமா, நீரு செவுத்தப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கீரு" என்றாள்.

ஜூலை 31, வியாழன்

எழுதுவது ரெஜினா. இன்று மத்தியானம் அவள் கடையை அடைத்துவிட்டு நோட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, முன்னால உள்ள பக்கத்தையெல்லாம் வாசிச்சேன். அந்தப் பிள்ளை உமக்கு முழுசா வாசிச்சுக் காட்டல."

"என்ன, தப்பா எழுதியிருக்கா?"

"தப்பா ஒண்ணும் எழுதல. அடியில எழுதியிருக்கா."

வாசித்தாள். முதலில் சுவரும் முடியும். பிறகு டம்ளர். பதினொரு உதை. ஒரு சாண் பித்தளைக்கு வந்தபோது, போதும் நிறுத்து என்றேன். அவள் நிறுத்தவில்லை. மணிக்கட்டு வரைக்கும் முழுக்க வாசித்துவிட்டுத்தான் மூடினாள்.

"என் பெட்டியிலயே வச்சி எழுதியிருக்காளே. எனக்குத் தெரிஞ்சிருந்தா?"

"உமக்குத்தான் படிக்கத் தெரியாதே. அவ புருஷன் கை படாத இடம் அவளுக்கு வேற எது இருந்துச்சு? படிக்கத் தெரியாத ஆளோட பெட்டி."

பிறகு அவள் கேட்டாள். "மாமா, முடியப் பாத்தீரா இல்லையா?"

பார்த்தேன். இரண்டு முடி, ஒன்று நீளம், ஒன்று பாதியில் அறுந்தது. கரண்டியின் இடது ஓரத்தால் சுரண்டினேன். எனக்கு எதுவும் மறக்காது. அதுதான் என் வியாதி. தலை சுவரில் மோதினால் முதலில் ஒரு கெட்டிச் சத்தமும் பின்னாலேயே காலிக் குடத்தைத் தட்டினது மாதிரி ஒரு பொள்ளல் சத்தமும் வரும். மரத்துக்கும் ஸ்டூலுக்கும் அந்த இரண்டாவது சத்தம் வராது. ஜூன் பத்தாம் தேதி அதை நான் கேட்டவுடனே தெரிந்துகொண்டேன். எப்படித் தெரியும் என்றால், முன்பே கேட்டிருக்கிறேன். இதே வீட்டில், கீழே, அடுப்படிச் சுவரில்.

இதையும் எழுது ரெஜினா. உச்சிமாளிக்குக் காது போனது காய்ச்சலில் இல்லை. வீடு கட்டி முடித்த வருஷம், கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை. சிமெண்டு மூட்டையைத் தண்ணீர் படும்படி வைத்துவிட்டாள். என் கையில் பூச்சுத் தேய்க்கிற கட்டை இருந்தது. ஒரே அடி. சுவரில் போய் மோதினாள். காதிலிருந்து ரத்தம் தாடை வரைக்கும் வந்தது. சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தை அன்றைக்கே அடைத்தேன். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது மூன்று நாள் கழித்து. டாக்டரிடம் காய்ச்சல் என்று சொன்னேன். அவளும் காய்ச்சல் என்றே சொன்னாள். இருபத்து மூன்று வருஷம் அப்படியே சொல்லிவிட்டுச் செத்தாள். அந்தச் சமயத்தில் எங்கள் அடுப்படிக்குக் கதவே கிடையாது.

ரெஜினா எழுதி முடித்தாள். "நாளைக்கு லேடீஸ் போலீசுக்குப் போன் பண்ணட்டா?" என்றாள்.

பண்ணு என்றேன். நோட்டை அவளே கொண்டுபோனாள்.

ஆகஸ்ட் 2, சனி

எழுதுவது ரெஜினா. மகளிர் போலீசில் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கே வந்து வாக்குமூலம் வாங்குகிறோம் என்றார்கள். அந்தச் செய்தி எப்படியோ ராஜதுரைக்குப் போயிருக்கிறது. இன்று காலை பத்தரைக்கு வந்தான். சட்டை இஸ்திரி போட்டது, கலையவில்லை.

"அந்த நோட்டு எங்க அய்யா?"

"இங்க இல்ல."

பெட்டியைக் கவிழ்த்தான். என் வேட்டிகள், உச்சிமாளியின் சேலை ஒன்று, கரண்டிப் பை. பையைக் கொட்டியதில் தாழ்ப்பாள் தரையில் விழுந்தது. 'ணங்'. அவன் அதை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இதக் கழத்துனது நீங்கதானே அய்யா? போலீசுல அதையும் சொல்லுவியளா?"

"சொல்லுவேன்."

முகத்தில் தாழ்ப்பாளாலேயே அடித்தான். மேல்வரிசையில் மிச்சமிருந்த ஒரு பல்லும் போனது. நான் வாசல்படியில் விழுந்தேன். என் இடது கையைப் பிடித்து இழுத்தான். மரியாதை போகவில்லை, அய்யா அய்யா என்றேதான் கேட்டான்.

"கைநாட்டு வைக்கிற விரல் இதுதானே அய்யா?"

பெருவிரலை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் வைத்துச் சாத்தினான். தேக்குக் கதவு. நான் இழைத்தது, ஒரு இம்மி இடைவெளி விடாமல் பொருந்தும். முதல் சாத்தலில் நகம் போனது. இரண்டாவது சாத்தலில் எலும்பு. மூன்றாவது தடவைக்குக் கதவைத் திறந்தபோது ரெஜினா கடை ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பியோடு தெருவைத் தாண்டி வந்துவிட்டாள்.

ரெஜினா இந்த இடத்தில் எழுத மாட்டேன் என்கிறாள். நான் சொல்கிறேன், எழுது. அந்தக் கம்பியால் அவள் அவனுக்குக் கொடுத்தது தோளில் ஒன்று, முழங்காலில் ஒன்று, விழுந்த பிறகு முதுகில் ஒன்று. முழங்கால் போன சத்தம் நன்றாகக் கேட்டது. ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் வந்து அவனைப் பிடித்து உட்காரவைத்தார்கள். போலீஸ் வரும் வரைக்கும் அவன் என்னைப் பார்த்து, "வீட்டுக்காரன் வாடகைக்காரன அடிக்கலாமா? கேளுங்க, கேளுங்க" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

இன்று ரேகை இல்லை. விரலில் கட்டு.

ஆகஸ்ட் 4, திங்கள்

எழுதுவது புஷ்பகலா.

ஆஸ்பத்திரியில் ஏழாம் நம்பர் கட்டில். இடது கையில் மாவுக்கட்டு, தாடை கம்பியால் கட்டியிருக்கிறது, வலது கை நன்றாக இருக்கிறது. பேச முடியாது, எழுத முடியும். இனி வருவது பெரியவர் சொல்வது, நான் எழுதுகிறேன்.

காலையில் இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார்கள். நோட்டை முதலிலிருந்து புரட்டினார்கள். என்னைப் பார்த்து, "பெரியவரே, இதுல இருக்க ரேகையெல்லாம் உங்களுதா?" என்றார்கள்.

"என்னோடதுதான்."

"முன்னால வழுக்கியிருக்கலாம்னு சொல்லியிருக்கீங்க."

"பொய் சொன்னேன்."

"அவங்க வக்கீல் பேசின் கழண்டு விழுந்துச்சுன்னு சொல்றாரு."

"இரும்புக் கை ரெண்டும் செவுத்துல நிக்கி. போய் ஆட்டிப் பாருங்க. என் கையால மாட்டுனது எதுவும் அந்த வீட்டுல தானா விழாது. செவுரு தானா ஒடையாது, கதவு தானா பிளக்காது. அவனால ஒடைஞ்சிச்சு. எல்லாம் இந்தப் பிள்ளை மேல பட்டு ஒடைஞ்சிச்சு."

எந்தச் சத்தம், எந்தச் சுவர், எந்தத் தேதி, எத்தனை அடி என்று ஜூன் பத்திலிருந்து வரிசையாகச் சொன்னேன். அந்த அம்மா எழுதி முடித்து வாசித்துக்காட்டினார்கள். ரேகை வைக்க வேண்டிய இடம் வந்தது.

"வலது கை வைங்க, போதும்" என்றார்கள்.

"நோட்டுல உள்ளதெல்லாம் இடது" என்றேன். "வேற விரலா இருக்கேன்னு நாளைக்கு அவன் கேப்பான்."

நர்ஸ் திட்டிக்கொண்டே கட்டைப் பிரித்தாள். நகம் இல்லாத விரல், கத்தரிக்காய் மாதிரி இருந்தது. மை எரிந்தது. ரேகை சரியாக விழவில்லை, ரத்தமும் மையுமாக ஒரு கறைதான் விழுந்தது. பக்கத்தில் வலது விரலும் வைக்கச் சொல்லி இரண்டுக்கும் குறிப்பு எழுதிக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு நான் புஷ்பகலாவிடம், இன்னும் ஒரு சேதம் பாக்கி இருக்கிறது, எழுது என்றேன்.

குளியலறை உள்தாழ்ப்பாள், பித்தளை, ஒன்று. இது உடையவில்லை. உடைக்க முடியாது. கழற்றியது நான். ஜூலை பதின்மூன்று, ஞாயிறு. வேண்டும் என்று கேட்டவளிடம் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போனது நான். ஜூலை இருபத்தேழு அன்று அடித்தது அவன். கதவைத் திறந்து கொடுத்தது நான். வால்வை அடைத்துவிட்டு மேலே போனதும் நான். இந்தச் சேதத்துக்குப் பொறுப்பு வீட்டுக்காரன் பேச்சிமுத்து.

எழுதிவிட்டது. வழக்கம்போல் கையெழுத்துப் போடு என்று நோட்டின் ஓரத்தைக் காட்டினேன். புஷ்பகலா தலையை ஆட்டியது. வேறு ஒரு தாளில் ஏதோ எழுதி, பக்கத்தில் நின்ற ரெஜினாவிடம் நீட்டியது. ரெஜினா வாசித்தாள்.

"குடியிருக்கிறவள் கையெழுத்து இதுக்கு வேண்டாம் தாத்தா. இது உங்களோடது."

பிறகு மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளியது. புஷ்பகலாவின் கண் வீக்கம் இறங்கி முழுதாகத் திறந்திருந்தது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் மறுபடியும் கட்டைப் பிரித்தேன்.

இடது பெருவிரல் ரேகை.